சந்தைக்குப் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி

டம்ளரில் பாதி குடித்ததும் நிறுத்திவிடுவார். வாயில் இருப்பதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றி, மெதுவாக விழுங்கிவிட்டுக் கேட்பார்: "இது குழாய்த் தண்ணியா, போர் தண்ணியா?" தண்ணீர் கொடுத்தவர் துக்க வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியாக இருந்தாலும் சரி, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் வந்த கையோடு அடுத்த கேள்வி வரும்: "பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அவசரத்துக்குக் கேட்பதில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுவார், எடுப்பார், மறுபடி போடுவார். குழாயைத் திறந்து மூடுவார். ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியுமா என்று ஆராய்வார். வெளியே வரும்போது அவர் முகத்தில் இருக்கும் நிறைவு, மற்றவர்களுக்கு அதே இடத்தில் வேறு காரணத்தால் வருவது. நாத்தனார் புது வீடு வாங்கி எல்லோரையும் அழைத்திருந்தார். வந்தவர்கள் சமையலறை அலமாரியையும் ஜன்னல் திரையையும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இவர் குளியலறையிலிருந்து வந்து, "தாழ்ப்பாள் நல்லா விழுது" என்றார்.

"ஏன் அண்ணி, வீட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

"அதைத்தானே இப்ப சொன்னேன்?"

உலகத்தில் எங்கெங்கே குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, எங்கெங்கே ஒதுங்க இடம் இருக்கிறது என்று ஒரே வரைபடத்தில் குறித்து வைக்கும் நிறுவனம் ஒன்றில் அவர் களப்பணியாளர். அலுவலகம் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. பெரிய அறையின் திரையில் உலகம் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெரியும். பச்சை என்றால் இருக்கிறது, வேலை செய்கிறது. சிவப்பு என்றால் இல்லை. மஞ்சள் என்றால் இருக்கிறது, ஆனால். அந்த 'ஆனால்' என்ன என்று கண்டுபிடிக்கத்தான் இவருக்குச் சம்பளம். சுற்றுவட்டாரத்தில் இவரைக் குழாயம்மா என்பார்கள். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் வேறு. அதை அச்சில் போட முடியாது. அதிலும் கடைசியில் ஒரு 'அம்மா' உண்டு என்பதில் அவருக்குத் திருப்தி.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வீடு திரும்ப அரை மணிக்கு மேல் ஆனால் அந்தத் தெரு மஞ்சள் என்பது நிறுவனத்தின் விதி. மற்ற களப்பணியாளர்கள் கைவீசி நடந்து பார்த்துவிட்டுப் பச்சை போட்டுவிட்டுப் போவார்கள். குழாயம்மா ஒரு வாளியைக் கொண்டுபோய், வரிசையில் நின்று, நிறையப் பிடித்து, நடுவழியில் இறக்கி வைத்துக் கை மாற்றி, மூச்சு வாங்கி நடப்பார். ஒரே மாதத்தில் நான்கு தெரு மஞ்சளாகிவிட்டது. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்னம்மா இது, நீ நடந்தா மட்டும் தெரு நீளுது?"

"போறப்ப அது வாளி சார். வர்றப்ப இடுப்புல மாமியார் உக்காந்த மாதிரி."

மேலாளரின் மாமியார் அப்போது அவர் வீட்டில்தான் இருந்தார். மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

தங்கள் பகுதி போக, தூர தேசத்தில் ஒரு பகுதியின் படங்களையும் ஒவ்வொரு களப்பணியாளரும் சரிபார்க்க வேண்டும். குழாயம்மாவுக்கு வாய்த்தது எங்கோ ஒரு மலைமேல் இருக்கும் சில குடியிருப்புகள். சாப்பாட்டு நேரத்தில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்.

"ஏங்க, அந்த மலையில மறுபடி பம்பு போயிடுச்சு."

கணவர் தையற்காரர், நாள் முழுவதும் குனிந்தே இருந்து, தட்டில் பார்ப்பதற்கும் குனிந்தே பழகியவர். "எந்த மலை?"

"பேரு வாயில நுழையல."

"அங்க யாரைத் தெரியும் உனக்கு?"

"ஒரு நாயைத் தெரியும். எல்லாப் போட்டோலயும் பம்புக்கு அடியில ஈரத்துல படுத்திருக்கும். இந்தத் தடவை காணோம்."

கணவர் பிசைவதை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். "எப்ப ரிப்பேர் பண்றாங்களாம்?"

இப்படிப்பட்டவரே ஏமாந்த இடம், காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு கதவுகள் உள்ள பெண்கள் கழிப்பறை. மூன்று வருடமாக அதற்குப் பச்சைப் புள்ளி வைத்தது குழாயம்மாவின் சொந்தக் கை. எப்போது போனாலும் திறந்திருக்கும். குழாயில் தண்ணீர் கொட்டும். ஆறு தாழ்ப்பாளும் ஆணி அடித்த மாதிரி விழும். காவலாளி ஒல்லியான மனிதர். சாவிக்கொத்து குலுங்க எதிரே வந்து, "வாங்க மேடம், செருப்போடவே வாங்க, நான் தொடைச்சுக்கறேன்" என்பார். "ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வச்சிருக்காரு" என்று குழாயம்மா அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

வெயில் தகித்த ஒரு நாள், சந்தையில் வெங்காயம் வாங்கும்போது, எதிரே உட்கார்ந்திருந்த வெங்காயக்காரம்மாவின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வேணாம்மா. குடிச்சா போகணும். போனா எங்க போறது?"

"இதோ பின்னாடியே ஆறு கதவு இருக்கே!"

வெங்காயக்காரம்மா பக்கத்துக் கடை உருளைக்கிழங்குக்காரம்மாவைப் பார்த்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது.

"அது உங்களுக்குத் தொறக்கறது குழாயம்மா. நீங்க தெருமுனை தாண்டினதும் பூட்டிருவாரு. நாங்க விடியறதுக்கு முன்னாடி வந்து உக்காந்தா, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். அது வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு எடை போடறோம். போன மாசம் நீர்க்கடுப்புல ஆஸ்பத்திரியில கிடந்தேன். டாக்டர் நிறைய தண்ணி குடிங்கன்னு சொல்றாரு. அவருக்கென்ன, அவரு ரூம்லயே ஒரு கதவு இருக்கு."

குழாயம்மா வெங்காயத்தை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தார். அன்றைய குழம்பு ஒரு மாதிரி இருந்தது.

விஷயம் கழிப்பறையோடு நிற்கவில்லை. எந்தச் சந்தைக்குப் புதுத் தண்ணீர்க் குழாயும் கூடுதல் கழிப்பறையும் கட்டுவது என்று நகராட்சியில் அந்த மாதக் கடைசியில் முடிவு செய்யப் போகிறார்கள். வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு. பச்சைப் புள்ளியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேலாளரும் நியாயத்தைத்தான் சொன்னார்: "மூணு வருஷமா நீயே பச்சைன்னு சொன்ன இடம். மாத்தணும்னா பூட்டியிருக்கற போட்டோ வேணும். வெவ்வேற நாள்ல மூணு."

ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. தெருமுனை டீக்கடை காவலாளியின் மச்சானுடையது. குழாயம்மாவின் நடையைக் கண்டதும் மச்சான் பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். இவர் போய்ச் சேரும்போது ஆறு கதவும் திறந்து, தரை ஈரம் காய்ந்துகொண்டிருக்கும். இருட்டு பிரிவதற்கு முன்னால் போய்ப் பார்த்தார். காவலாளி துடைப்பத்தோடு நின்றிருந்தார். "என்ன மேடம், தூக்கம் வரலியா?" என்று கரிசனமாகக் கேட்டார்.

அடுத்த தடவை கணவரை அனுப்பினார். அவர் ஒரு மணி நேரம் கழித்துப் படம் இல்லாமல் திரும்பி வந்தார்.

"என்னைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்."

"பூட்டைப் போட்டோ எடுத்தீங்களா இல்லியா?"

"பூட்டு எங்க இருக்கு? உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு." கணவர் கொஞ்சம் தயங்கினார். "தாழ்ப்பாள் நல்லாத்தான் விழுது."

அதற்கடுத்த முயற்சி வெங்காயக்காரம்மாவின் யோசனை. மூட்டை ஏற்றி வரும் தள்ளுவண்டியில், மூட்டைகளுக்கு நடுவே சாக்கைப் போர்த்திக்கொண்டு குழாயம்மா சந்தைக்குள் நுழைந்தார். கழிப்பறை வாசலில் வண்டி நின்றது. சாக்கை விலக்கினால், ஒரு முக்காலியைக் கீழே போட்டுக் கை கொடுக்கக் காவலாளி தயாராக நிற்கிறார்.

"பாத்து இறங்குங்க மேடம். ஏன் மூட்டையில வர்றீங்க, ஆட்டோ கிடைக்கலியா?"

குழாயம்மா முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் வெங்காயத் தோல். மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "ஏன்யா பூட்டறே?"

"பின்ன என்ன மேடம்?" காவலாளிக்குக் குரல் ஏறியது. "தொட்டியில ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி ஏத்தறாங்க. சந்தையில இருநூறு பொம்பளைங்க. தொறந்து விட்டா எட்டு மணிக்குத் தொட்டி காலி. ஒன்பது மணிக்கு நாத்தம். பத்து மணிக்கு நீங்க வந்து மஞ்சள் போடுவீங்க. எனக்கு முன்னாடி இருந்தவரை அதுக்குத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. இப்ப என் தரையைப் பாருங்க, முகம் பாக்கலாம்."

குழாயம்மா குனிந்து பார்த்தார். முகம் தெரிந்தது, அவருடையதுதான். தண்ணீர் வருகிறதா, தரை சுத்தமா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று படிவம் கேட்கும். இன்றைக்கு யாராவது உள்ளே போனார்களா என்று அது கேட்டதே இல்லை. யாரும் போகாத கழிப்பறையைவிடச் சுத்தமான கழிப்பறை எந்தத் தேசத்திலும் கிடைக்காது.

அந்த நேரத்தில்தான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வெங்காயக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். பின்னாலேயே உருளைக்கிழங்கு, கீரை, எலுமிச்சை, தக்காளி, கத்தரிக்காய். ஆறு தாழ்ப்பாளும் படபடவென்று விழுந்தன. காவலாளி வாயைத் திறந்தார். ஆய்வுக்கு வந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது என்னவென்று அதட்டுவது? மூடிக்கொண்டார்.

குழாயம்மா மெதுவாக எழுந்தார். "இன்னிக்கு முழு ஆய்வு. ஒவ்வொரு கல்லா பாக்கணும்" என்றார்.

மறுநாள் அலுவலகம் போவதற்கு முன்னால் சந்தைக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பூட்டைப் படம் பிடிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். டீக்கடையில் பாத்திரம் தட்டும் சத்தம் இப்போது சந்தைக்கே அறிவிப்பாகிவிட்டது. "குழாயம்மா வந்தாச்சு!" என்று கடைக்குக் கடை குரல் ஓடும், எடைக்கல்லைக் கீழே போட்டுவிட்டுப் பெண்கள் ஓடுவார்கள். அவர்கள் முடித்து வரும்வரை ஆய்வு நடக்க வேண்டுமே! ஜன்னலை அளந்தார். சோப்பை மோந்தார். கதவுக் கீல்களை எண்ணினார். எண்ண ஒன்றும் இல்லாதபோது காவலாளியின் குழந்தைகள் எந்த வகுப்பு என்று விசாரித்தார்.

"மேடம், இந்த ஜன்னலை நேத்தும் அளந்தீங்க."

"நேத்து மேகம். இன்னிக்கு வெயில். இரும்பு விரியும்."

"எனக்கு எல்லாம் புரியுது மேடம்" என்றார் காவலாளி, வரிசையைப் பார்த்துக்கொண்டே. ஆனால் பூட்டவில்லை.

அவர் சொன்னது அச்சு அசலாக நடந்தது. எட்டு மணிக்குத் தொட்டி காலியாயிற்று. தரையில் சந்தைச் சேறு. ஒன்பது மணிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஜன்னலை அளக்க முடிந்தது. மாதத்தின் கடைசி நாள் காலையில், வரிசை சந்தை வாசல் வரை நின்றபோது, மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது: "யோவ், தண்ணி வரல!"

குழாயம்மா கைபேசியை எடுத்தார். திறந்த கதவு, காய்ந்த குழாய், காத்திருக்கும் பெண்கள். பூட்டுக்குத்தான் மூன்று படம்; தண்ணீர் வராத குழாய்க்கு இந்த ஒன்றே போதும், மஞ்சள் போடலாம். புதுக் குழாய் வரும் பட்டியலில் சந்தை சேர்ந்துவிடும்.

காவலாளி கைபேசிக்கு முன்னால் ஓடி வந்தார். "மேடம், என்னைத் தூக்கிருவாங்க. பூட்டி வச்சிருந்த வரைக்கும் நல்ல பேரு. நீங்க வந்தீங்கன்னு தொறந்தேன், இப்ப இப்படிக் கிடக்கு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. குழாயம்மா கைபேசியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், அந்த ஒல்லி மனிதரைப் பார்த்தார்.

"இப்படி வாங்க. தொட்டிப் பக்கமா, படத்துக்குள்ள நில்லுங்க. துடைப்பத்தைக் கையில பிடிங்க."

"நானா? எதுக்கு மேடம்?"

"ஆள் வேலையில இருக்காரு. கதவு தொறந்திருக்கு. தண்ணிதான் வரல. பாக்கறவங்களுக்கு அது தெரிய வேணாமா?"

காவலாளி சேற்றைத் தாண்டிப் போய் நின்றார். நின்றவர் காலடியில் கிடந்த தரையைப் பார்த்தார். கை தானாகத் துடைப்பத்தை ஓங்கியது.

"தொடைக்காதே!" வரிசை முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

திடுக்கிட்டு நிமிர்ந்து, துடைப்பத்தை மார்போடு பிடித்துக்கொண்டார். "பிள்ளைங்க பாப்பாங்களா மேடம் இந்தப் போட்டோவை?" என்று கேட்டுவிட்டு, இடது கையால் தலைமுடியைப் படிய வைத்தார்.

"உலகமே பாக்கும்" என்றார் குழாயம்மா. கண்ணுக்கு நேராகத் தூக்கிய கைபேசியை இறக்கினார். மூன்றாவது கதவை உள்ளேயிருந்து தட்டும் சத்தம் பலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சேற்றில் கால் வைத்துக் காவலாளி அருகே போய், மடங்கிக் கிடந்த அவர் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுத் திரும்பி வந்தார்.