மீனெண்ணெய் மணத்த வால்வுகள்

எங்கள் வீட்டு வால்வு ரேடியோ ஊமையானதும், புயல் செய்தி கேட்க நைனா ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிவிட்டார். பழையதை நான் பிரித்து மேய்ந்தேன். ஸ்பீக்கர்தான் கிழிந்திருந்தது. வால்வுகள், அந்தச் சின்னக் கண்ணாடிக் குழல்கள், நன்றாகவே இருந்தன.

அவற்றை வைத்து என் கிடாருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தேன். ஒரு வால்வில் பெருகிய சத்தத்தை அடுத்த வால்வுக்குள் அளவுக்கு மீறித் திணித்தால், அது தாங்காமல் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்காக உயிரையே விட்டேன். கடையில் விற்கும் பளபளப்பான பெட்டி எதிலும் அது வராது என்று இன்றும் சண்டை போடுவேன்.

நைனாவுக்கு அது ஆகவே ஆகாது. ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில், மீன் பிடிக்கப் போகும் எங்கள் படகுக்கு மூன்றாவது ஆள் நான். “இன்னாடா, சளி புடிச்சா மாரி கத்துது” என்பார். கடைசியில் தீர்ப்பும் சொன்னார்: “அம்மன் திருவிழாவுல ஒரு வாட்டி வாசி. எடுபடலன்னா கிடாரை வித்துட்டு ஒழுங்கா வலைக்கு வந்துடு.”

திருவிழா மாலையில் முதல் பாட்டே பாதி தாண்டவில்லை. பெட்டியிலிருந்து புகை வந்தது, கூடவே மீன் வறுக்கும் வாசனை. “இன்னா மீனுப்பா வறுக்கறீங்கோ?” என்று முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்க, கூட்டமே சிரித்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எவன் பார்த்த வேலை இது என்று மேடையிலேயே கத்தினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நைனா வந்தார்.

“நாந்தான். உப்புக் காத்து அரிச்சுடப் போவுதுனு மத்தியானம் பொட்டிக்குள்ள எல்லாத்துக்கும் மீனெண்ண தடவுனேன். படகுக்கு அதான தடவுறோம்?”

நாளெல்லாம் திட்டித் தீர்த்த பெட்டிக்கு, யாருக்கும் தெரியாமல் எண்ணெய் பூசியிருக்கிறார். அந்த நிமிடம் அவர் மேல் வந்த பாசம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

வால்வுகள் ஆறுவதற்குள் அவசரப்பட்டுத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டார். அதற்கும் திட்டு எனக்குத்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றித் தலைத்துண்டால் துடைத்துக் கொடுத்தார். மறுபடி வாசித்தேன். ஊர் கைதட்டியது வாசிப்புக்கா, வாசனைக்கா என்று எனக்குத் தெரியவில்லை. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. யாரும் எழுப்பவில்லை. அடித்துப் பிடித்துக் கரைக்கு ஓடினேன். படகு ஏரிக்குள் போயிருந்தது. அதில் என் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வலையோடு நின்றிருந்தார். கிடாரை விற்க வேண்டாம் என்று புரிந்தது. இனி அந்தப் படகில் எனக்கு இடமில்லை என்பதும் புரிந்தது. கரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.