கொள்ளு காயும் ரோட்டில் என் வண்டி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வாங்குகிறவர்களில் என் அளவுக்குப் பந்தலுக்குள் குனிந்து பார்த்தவன் எவனும் இல்லை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். தலையில் கூடை சுமந்தேன், பிறகு சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். இன்று என் லாரிகள் குமுளி ஏறிக் கேரளாவுக்குப் போகின்றன. வீட்டு வாசலில் கார் நிற்கிறது. ஆனாலும் தோட்டம் பார்க்கப் போவது மோட்டார் சைக்கிளில்தான். அதில் இருந்துதான் விழுந்தேன்.

எங்கள் பக்கம் தை மாதம் கொள்ளு எடுத்தால், செடியோடு பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்கும். களமும் வேண்டாம், மாடும் வேண்டாம். உதிர்ந்த மணி செடிக்கு அடியில் உருளும், அதன் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று காலை அனுமந்தன்பட்டி தாண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். பரப்பிய கொள்ளுக்கு நடுவில் ஒரு கோழி குறுக்கே ஓடியது. பிரேக்கைப் பிடித்தது என் கை. நான் இல்லை.

வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொள்ளுக்குக் காவல் இருந்த பொம்பளை ஓடி வந்தாள்.

"ஐயையோ, கொள்ளு பூராத்தையும் சாக்கடைக்குள்ள தள்ளிட்டீகளே!"

"ஆத்தா, காலு ஒடிஞ்சிருச்சு."

"எங்க? அட, ஆமா!" என்றவள், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் காலைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போதும் ஒரு கண் கொள்ளு மேல்தான் இருந்தது.

தேனியில் ஆபரேஷன் செய்து காலுக்குள் தகடு வைத்தார்கள். நான் படுக்கையில் கிடந்தபோது என் வீட்டுக்காரி குச்சனூர் போய், சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டு, இனி நான் வண்டியைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நேந்துக்கிட்டது நீ. வண்டிய விடுறது நானா?" என்றேன்.

"உங்க உசுருக்காகத்தான நேந்துக்கிட்டேன்."

"மொட்டை போடுறேன்னு நேந்திருக்கலாம்ல? தலையில ஒண்ணும் இல்ல, வேலை சுளுவு."

"அம்புட்டு அடி பட்டும் இந்த வாயில மட்டும் படல பாருங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

மகன் காரையும் டிரைவரையும் கொடுத்தான். காரில் வியாபாரம் எப்படி நடக்கும் தெரியுமா? தோட்டங்கள் வாய்க்கால் கரையில் உள்ளே தள்ளி இருக்கின்றன. கார் ரோட்டிலேயே நின்றுவிடும். தகடு வைத்த காலோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. தோட்டக்காரர் நல்ல கொத்தாகப் பார்த்துப் பறித்து வந்து கார் கண்ணாடி வழியாக நீட்டுவார். மழையில் வெடித்த கொத்தை எந்த மடையன் நீட்டுவான்? சித்திரை மழைக்குப் பிறகு அப்படிக் காரில் இருந்தபடியே ஒரு தோட்டத்துப் பழத்தை மொத்தமாக வாங்கினேன். வெட்டும்போது பார்த்தால் பந்தலுக்கு நடுவில் இருந்ததெல்லாம் வெடித்துச் சாறு வடிகிறது.

"வியாபாரத்துல சகஜம்ப்பா. இனிமே ஆளுக போயிப் பாத்துக்கிருவாக. நீங்க வீட்டுல இருங்க" என்றான் மகன்.

சகஜமாம். இத்தனை வருடத்தில் என் வியாபாரத்தில் அது ஒரு நாளும் சகஜமாக இருந்ததில்லை. இன்னொரு தோட்டம் அப்படிப் போனால் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று புரிந்துவிட்டது.

கால் தேறியதும் மெக்கானிக்கிடம் சொல்லி வேறு சாவி போட்டேன். அவள் மத்தியானம் கண் அசந்த நேரம் வண்டியை எடுத்தேன். ஊர் எல்லை தாண்டவில்லை. புளியமரத்து நிழல் ரோட்டில் விழுந்து கிடந்தது, கிளையும் இலையுமாக, பரப்பி வைத்த கொள்ளுச் செடி மாதிரியே. கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. காற்றுக்கு நிழல் ஆடியது. நான் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் நிறுத்தி, "என்ன தாத்தா, வண்டி நின்னுருச்சா?" என்றாள். "பெட்ரோல் இல்லம்மா" என்றேன். டேங்க் தளும்பியது. வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

நிழலுக்குப் பயந்தவன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றே முடிவு செய்துவிட்டேன். நிழலோடு எனக்கென்ன சண்டை? அசலோடு பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த தை வந்தது. டிரைவர் வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு, புளியமரங்களின் கீழே ஆமை மாதிரி ஊர்ந்து, அனுமந்தன்பட்டி தாண்டிப் போனேன். அதே இடம், அதே பொம்பளை, ரோடு நிறையக் கொள்ளு.

"போன வருசம் விழுந்த ஐயாதான? இங்கன ஓரமா எடம் விட்டிருக்கேன், சுத்திப் போங்க."

"சுத்திப் போறதுக்கா வந்தேன்? மேலதான் ஏத்தப் போறேன்."

"ஏத்துறதுன்னா முன்னயும் பின்னயுமா நல்லா ஏத்துங்க. காலையில இருந்து ஒரு லாரியக் காணோம். விழுந்தா மட்டும் என்னையக் கூப்பிடாதீக, கொள்ளு அள்ளவே ஆள் இல்ல."

முதல் கியரில் விட்டேன். ஹேண்டிலை நேராகப் பிடித்தேன். முன்சக்கரம் ஏறியதும் காய்கள் நெரிந்தன. பின்சக்கரம் ஒரு இழுப்பு இழுத்தது. கால் பிரேக்கைத் தேடிப் போனது. என் காலையே வாய்விட்டுத் திட்டினேன், எழுதக்கூடிய வார்த்தை இல்லை. கால் அடங்கியது. வண்டி வெளியே வந்துவிட்டது.

திருப்பினேன், மறுபடி ஏற்றினேன். "அங்கன மிதிபடல, எடது பக்கமா வாங்க" என்று அவள் கத்த, அங்கேயும் ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் பின்சக்கரம் இழுத்தது, ஒவ்வொரு தடவையும் நான் விழவில்லை. "போதும் சாமி, மணி நசுங்கிரும்!" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

அங்கிருந்து நேரே வாய்க்கால் கரை. ஒற்றைத் தடம், ஒரு பக்கம் தண்ணீர். தோட்டக்காரர் கையில் ஒரு கொத்தோடு எதிரே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கார் வரலையாண்ணே? ரோட்டுக்குக் கொண்டாரலாம்னு பறிச்சேன்."

"அதை நீரே தின்னும்" என்று பந்தலுக்குள் குனிந்தேன். நாலு வரிசை தாண்டி, ஒரு கொத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெடிப்பு. "இது என்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது ஒண்ணு ரெண்டு இருக்கும்ண்ணே…"

அப்போது மகன் போன் செய்தான். "எங்கப்பா இருக்கீக? டிரைவர் வாசல்ல நிக்கிறான்."

"பந்தலுக்குள்ள இருக்கேன்."

"பந்தலுக்குள்ளயா? எப்பிடிப் போனீக?"

"வண்டியில."

"வெலை பேசிறாதீக, நான் கார் எடுத்துட்டு வாரேன்" என்றான்.

"வா. ஆனா கார் ரோட்டுலதான் நிக்கும். நீ உள்ள உக்காந்திரு. கொத்தை நான் கொண்டாந்து காட்டுறேன்."