செல்லம்மா அக்கா சொல்லச் சொன்ன பொலி

அப்புத்தளையில் தன் தங்கச்சி வீட்டில் இருந்த செல்லம்மா அக்கா இறந்துபோய்விட்டார் என்று லொறிக்காரர் கொழுந்தெடுக்கும் மலைக்கே வந்து சொன்னார். கூடையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அவரோடு தேயிலை நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த உங்களுக்கு என் நிலைமை புரியும்.

பஞ்ச காலம் நினைவிருக்கும். பாணும் மாவும் இல்லாமல் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றோம். அப்போதுதான் என் மகள் பூங்கொடி வயிற்றோட்டத்தில் போனாள். அதன்பிறகு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குத் தப்படித்தாலும் நான் எழவில்லை. செத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

அக்கா என் லயத்து வீட்டுக்கு வந்தார். "சாமின்னு ஒண்ணு இருந்தா எம்புள்ளைய எடுத்திருக்குமா?" என்று கத்தினேன்.

"தெரியலடி. எம்புருசனையும் மகனையும் இந்தியாவுக்குக் கப்பலேத்துனப்ப நானும் அதத்தான் கேட்டேன். மாரியாத்தா இன்னும் வாயத் தெறக்கல. தெறக்குற வரைக்கும் அவ வாசல்லதான் நிப்பேன்."

என்னை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனார். சூடம் வாங்க வழியில்லை. "வெறுங்கையோட வந்திருக்கோம் ஆத்தா. இவளுக்கு எந்திரிக்கத் தெம்பு குடு. நீ குடுக்குற வரைக்கும் பொறுத்துக்குறோம்" என்றார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் மலைக்கும் கூட்டிப் போனார். முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது, விளைச்சல் பெருக வேண்டும் என்று ஒருத்தி 'பொலி' சொல்லித் தொடங்குவது நம் வழக்கம். அன்று என்னைச் சொல்லச் சொன்னார். கங்காணி பதறிப்போனார்.

"புள்ளைய பறிகொடுத்தவ வாயால வேணாம் செல்லம்மா."

"பொலியணும்னு ஏங்குறவதாங்க கேக்கணும். வேற யாரு கேக்குறது?"

எனக்குக் குரல் வரவில்லை. கங்காணி ஏசினார். அக்கா ஒரு கொழுந்தைக்கூடத் தொடவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் தொடவில்லை. "அவசரமில்லடி. வரும்" என்றார். கடைசியில் ஒப்பாரி மாதிரி ஒரு 'பொலி' வந்தது. அன்று கூடை நிறையவில்லை. ஆனால் அடுத்த நாள் தப்புச் சத்தம் கேட்டு நானாகவே எழுந்தேன். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

அவருடைய புருசனும் மகனும் மட்டும் கடைசிவரை திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் நின்றவருக்கு ஆத்தா ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமையானால் நானும் போய் நிற்கிறேன்.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், பொலி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிரையில் யாரும் கொழுந்தில் கை வைக்காமல் நின்றார்கள். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் காத்திருப்பைத்தான். குரல் வந்த பிறகு சொன்னேன்.