டிரம்மருக்கு வாசிக்கப் போன நாள்

நான் பங்க் ராக் என்ற இரைச்சலான மேல்நாட்டு இசையை வாசித்தவன். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் இன்றும் "சினிமாப் பாட்டு வாசிப்பீங்களா?" என்றுதான் கேட்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் மூன்று பேர்: கிட்டாருக்கு நான், பாட ஒருத்தன், டிரம்ஸுக்கு ஒருத்தன். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுக் கெட்டுப்போனவர்கள். கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒத்திகை. கல்லூரி விழாக்களில் இரண்டாவது பாட்டிலேயே மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அதில் எங்களுக்குப் பெருமைதான்.

டிரம்மரின் வீடு கொட்டகைக்குப் பின்னால். அவன் அம்மா அடிக்கடி வந்து தகரத்தைத் தட்டுவார். "இன்னாடா சத்தம் இது, கலீஜா கீது! வூட்ல மனுசங்க இருக்கறதா இல்லியா?"

ராக் பேண்டுகள் பெரும்பாலும் கல்யாணத்தில் உடையும், இல்லையென்றால் துபாயில். எங்களுடையது மஞ்சள் காமாலையில் உடைந்தது. எண்ணூரில் வேலைக்குச் சேர்ந்த வருடமே டிரம்மர் படுத்தான். நாட்டு மருந்து கொடுத்தார்கள், பிறகு ஆஸ்பத்திரி, அப்புறம் ஒன்றுமில்லை. செய்தி வந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.

சாவு வீட்டில் மேளக்காரர்கள் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அவங்க அப்பால அடிக்கட்டும். மொதல்ல நீங்க வாசிங்க. எம்புள்ள அவன் பாட்டோட போவணும்."

"டிரம்ஸ் இல்லாம எப்டிம்மா?" என்றேன்.

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. அந்தச் சத்தம் வோணும்."

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஜெனரேட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஏற்றினோம். நாங்கள் முன்னால், பாடை பின்னால். அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. அந்த அம்மா கேட்ட இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

எங்கள் பாட்டு எதுவும் கிட்டாரில் தொடங்காது. டிரம்மர் இரண்டு குச்சிகளையும் நான்கு முறை தட்டுவான், அப்புறம்தான் நாங்கள். மேடையில் அவன் இடம் எப்போதும் எங்களுக்குப் பின்னால். அன்றும் கம்பியில் விரலை வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், நானும் பாடுபவனும் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தோம்.

மாலைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். நாங்கள் பார்த்தபடியே நின்றோம். ஊர்வலமும் நின்றது.

"இன்னா நைனா, ஆரம்பி," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

கை வரவில்லை. பொறுத்துப் பார்த்த மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் நகர, நாங்களும் வண்டியோடு நகர்ந்தோம்.

பெண்கள் தெருமுனை வரைதான் வருவார்கள். அங்கே அவன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் நீங்க வாசிக்கவே இல்லியேடா?"

"வரலம்மா," என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை விட்டார்.

"சரி, போங்க. அவனுக்கு நேரமாவுது."