மூன்று வண்டிகளின் எஞ்சின்

என் மாமியார் எனக்கு முன்னால் நாற்காலியில்கூட உட்கார மாட்டார். மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதையாம். நான் வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படிக்குப் போய்விடுவார்; எனக்குச் சொல்ல வேண்டியதைத் தன் மகளிடம் சொல்லுவார். அப்படிப்பட்டவர் போன மாசியில் ஒரு நாள் என் பைக்கின் பின்சீட்டில் ஏறினார். அன்று பதுளை ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண் ஆபரேஷன். மடுல்சீமைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிற காலை பஸ் அன்று பார்த்து வரவில்லை. மனைவியோ கைக்குழந்தையோடு இருந்தாள்.

"ஏறுங்க அத்தை, பஸ்ஸவிடச் சீக்கிரமா கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றேன். அந்த வண்டிமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. வண்டிமேல் என்ன, என்மேல்தான்.

அது பழைய ஜப்பான் வண்டி. எஞ்சின் போய், நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளின் கோடியில் கிடந்ததை நானே பிரித்து நானே பூட்டியிருந்தேன். எஞ்சினின் அடிப்பாகம் மட்டும்தான் அதனுடையது. சிலிண்டரும் பிஸ்டனும் அதே வண்டியின் பிந்திய மாடல். அதன்மேல் பூட்டுகிற ஹெட் வேறொரு வருடத்தது. பதுளையில் பழைய சாமான் விற்பவர், "எந்த வருசத்து வண்டிக்குங்க?" என்று கேட்டார். "போல்ட் ஏறுனா சரி, எடுங்க" என்றேன். போல்ட்டுகளும் ஏறத்தான் செய்தன. முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி முறுக்கினேன். "மூணு வண்டிக்குப் பொறந்த புள்ளை" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் பாதை முழுக்கக் கல். மாமியார் என்மேல் கை படாமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். பாதி ஏற்றத்தில் ஹெட்டுக்குள் கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த வளைவில் எஞ்சின் இறுகி வண்டி நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருந்தது.

என்ன ஆனது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எண்ணெய் கீழேயிருந்து ஹெட்டுக்கு ஏற ஒரு துளை உண்டு. நான் போட்ட சிலிண்டரில் அது ஓர் இடத்திலும், ஹெட்டில் சற்றுத் தள்ளியும் இருந்தது. பூட்டும்போதே பார்த்தேன். பாதித் துளை திறந்திருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டேன். தனியாகப் பக்கத்தில் போய்வர அது போதுமாயிருந்தது. ஏற்றத்தில், இரண்டு பேர் பாரத்தில், எண்ணெய் போதாமல் ஹெட் காய்ந்துவிட்டது.

அப்போதே வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டுப் பெரிய ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்திருந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். நான் விடவில்லை. அதைக் கழற்றி இதைத் தட்டி, கடைசியில் தள்ளத் தொடங்கினேன். மாமியாரும் பின்னாலிருந்து தள்ளினார்.

காலைப் பெரட்டில் பேர் பதிந்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள். "என்னக்கா, மாப்பிள்ளையோட எஞ்சின் படுத்துருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எஞ்சினுக்கு என்னடி? பெட்ரோலுதான் தீந்துபோச்சு. அவரப் பாக்கவிடாம நாந்தான் அவசரப்படுத்திட்டேன்" என்றார் மாமியார். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கென்று உடுத்திய சேலையின் ஓரமெல்லாம் சேறு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

கொழுந்து லொறியில் பசறைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தபோது, அன்றைய ஆபரேஷனுக்கு ஆட்களை உள்ளே எடுத்து முடித்துவிட்டார்கள். வேறு தேதி போட்டுக் கொடுத்தார்கள், சில மாதங்கள் தள்ளி. திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "வீட்டுல நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மாப்பிள்ளை. நான் பாத்துக்கிறேன்."

வீட்டில் அவர் சொன்னது இதுதான்: "வழியில பெட்ரோல் தீந்து நின்னுச்சு, அதுனால ஒண்ணுமில்ல. போய்ச் சேந்த பெறகு, கண்ணுல கத்தி வைப்பாங்களேன்னு பயமாப் போச்சு. நாந்தான் வேணாம்னு திரும்பிட்டேன்." மனைவி தாயைத் திட்டித் தீர்த்தாள். நான் அங்கேதான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

அடுத்த தேதி இன்னும் வரவில்லை. மாமியார் அரிசி புடைக்கும்போது சுளகை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்க்கிறார். நேற்று இரவு மனைவிக்குச் சோற்றில் கல் கடித்தது.

"அன்னைக்கே பயப்படாம செஞ்சிருந்தா இப்பிடித் தடவிக்கிட்டு கெடக்கணுமாம்மா?" என்று எரிந்து விழுந்தாள்.

"ஆமாடி, நான் பயந்தாங்கொள்ளிதான்" என்று மாமியார் சிரித்தார்.

சொல்லிவிடுவோம் என்று நிமிர்ந்தேன். "அன்னைக்கி அத்தை…" என்று தொடங்கியும்விட்டேன்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை, ஆறிப்போகுது" என்றார் மாமியார்.

நான் சாப்பிட்டேன்.