சூடேறும் பொட்டிகளும் வாய் திறக்காத நானும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் முதல் வேலை மூக்குக்கு. கண்ணுக்கும் கைக்கும் அப்புறம்தான்.

ஒயர் கருகினால் ஒரு வாசம், ஃபேன் சுற்றாமல் நின்றால் ஒரு வாசம். எங்கள் தீவில் லம்பா லைன் பகுதியில் காதர் காக்கா கடையில், தடுப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பழகினேன். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவேன். தூசி ஊதுவது, ஃபேன் மாற்றுவது, பிராசஸர் சூடு இறங்கப் பேஸ்ட் தடவுவது எல்லாம் என் வேலை. எட்டாவது படித்தவள் கையில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்த ஆள் இந்தத் தீவில் அவர் ஒருவர்தான். அந்த வேலையும் எனக்குப் பிடித்துப்போனது.

ஒரே ஒரு கஷ்டம். கஸ்டமர் முன்னால் எனக்கு வாய் வராது. கடையில் கேட்க வேண்டியதை வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அழகாகக் கேட்பேன். உங்களிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். காக்கா முதல் மாதமே சொல்லிவிட்டார்: “கை நல்லா இருக்கு புள்ள. ஆனா பொட்டி எப்படிக் கெட்டுச்சுன்னு நாலு வார்த்தை கேக்காம ரிப்பேர் பார்க்க முடியாது. மூணு மாசம் பார்ப்பேன். அப்பவும் பேசலேன்னா வேற ஆளு வச்சுக்குவேன்.”

கப்பல் கிரீஸ்

துறைமுகப் பக்கம், ஃபீனிக்ஸ் பே பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. கம்ப்யூட்டர் போட்ட பத்து நிமிஷத்தில் அணைந்துவிடுகிறதாம். “பேஸ்ட்டெல்லாம் நானே போட்டுட்டேன் பஹன், வேற ஏதோ கோளாறு” என்றார். பஹன் என்றால் இந்தியில் தங்கச்சி. என்ன பேஸ்ட் என்று கேட்டிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கை நிறையக் கறுப்புக் கிரீஸ். ஒரு பயறு அளவு தடவ வேண்டிய இடத்தில், பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றியது மாதிரி ஊற்றியிருந்தார். அது சூட்டில் உருகி பிராசஸருக்கு அடியில் இறங்கி, ஒவ்வொரு ஓட்டையிலும் போய் உட்கார்ந்திருந்தது. காது குடையும் பட்ஸ் ஒரு டப்பா தீர்ந்தது. என் நகக் கறுப்பு போக ஒரு வாரம் ஆனது.

காக்கா அவரிடம், “கம்ப்யூட்டர்ல போய் இன்ஜின் கிரீஸ் போடலாமா?” என்று கேட்டார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“க்யா பாய், இதே கிரீஸ்ல நூறு பேரை ஏத்திக்கிட்டு கப்பலே போகுது, உங்க டப்பா என்ன கப்பலைவிடப் பெருசா?”

பல்லிக்கு என்ன பலன்?

அடுத்து ஒரு அம்மா. பட்டென்று ஒரு சத்தம், புகை, அப்புறம் கம்ப்யூட்டருக்கு உயிரே இல்லை என்றார். சத்தம் வருமுன் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மூக்கு மட்டும் சொன்னது, இது பிளாஸ்டிக் வாசம் இல்லை, யாரோ கருவாடு சுட்டிருக்கிறார்கள் என்று.

எஸ்.எம்.பி.எஸ். என்று கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டப்பா ஒன்று உள்ளே உண்டு. அதைக் கழற்றினேன். குளிர் காய வந்த பல்லி ஒன்று, ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே வைத்து, கரண்ட்டுக்குப் பாலம் போட்டுப் போய்ச் சேர்ந்திருந்தது. பல்லியோடு டப்பாவும் போச்சு. புது டப்பா மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் போன கவலை ஓடிவிட்டது, வேறு கவலை பிடித்துக்கொண்டது. காக்காவை விட்டுவிட்டு, முக்காடு போட்டு ஓரமாக நின்ற என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்.

“தலையில விழுந்தா, தோள்ல விழுந்தான்னு பஞ்சாங்கத்துல எல்லாம் போட்டிருக்கு, கம்ப்யூட்டருக்குள்ள விழுந்தா என்ன பலன்னு உங்களுக்குத் தனியா ஏதாவது சொல்லிக் குடுத்திருக்காங்களாம்மா?”

உரிக்காத ஸ்டிக்கர்

அடுத்தவர்களைப் பற்றியே சொன்னால் நியாயமில்லை. பிராசஸர் மேல் உட்காரும் அலுமினியக் கட்டியை ஹீட் சிங்க் என்போம். சூட்டை இழுத்து வெளியே தள்ளும். புதிதாக வந்த ஒன்றை மாட்டினேன். ஓட்டிப் பார்த்தால் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. கழற்றினேன், மாட்டினேன். பேஸ்ட்டைத் துடைத்தேன், தடவினேன். காக்காவைக் கேட்கலாம்தான். கேட்க வாய் வர வேண்டுமே! மத்தியானம் வரை மல்லுக்கட்டினேன்.

கடைசியில் அவரே எட்டிப் பார்த்தார். கட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை நகத்தால் உரித்து என் கையில் வைத்தார்.

“சோப்பு வாங்குனா தாளோடயா புள்ள தேச்சுக் குளிப்ப?”

மூன்று தடவை வந்த பொட்டி

மரைன் ஹில்லில் ஒரு டீச்சர். கேள்வித்தாள் அடிக்க, ஆன்லைனில் பாடம் எடுக்கக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அரை மணி நேரம் ஓடும், சூடாகும், அணையும். கடையில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று ஓடியது. சரி என்று தூசி ஊதிக் கொடுத்தேன். பத்தே நாளில் திரும்பி வந்தது. பேஸ்ட் மாற்றினேன். மறுபடி வந்தது. புது ஃபேன் போட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒவ்வொரு தடவையும் பொட்டியில் அந்துருண்டை வாசம் அடித்தது. மூக்குக்குத் தெரிந்ததை வாய் கேட்கவில்லை. அதுவும் டீச்சர் வேறு. அவரைப் பார்த்தாலே எனக்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்து கை வேர்த்துவிடும்.

மூன்று மாதம் முடிய நாலு நாள் இருந்தது. பொட்டி அவசரமாக வேண்டும் என்று டீச்சர் போன் பண்ணினார். காக்கா கப்பலில் வந்த பார்சலை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“நீயே ஆட்டோவுல கொண்டுபோய் மாட்டிக் குடுத்துட்டு வா, இந்தப் பொட்டி நாலாவது தடவை இந்த வாசப்படி ஏறுச்சுன்னா அதோட நீ இறங்கிக்க வேண்டியதுதான் புள்ள.”

மரைன் ஹில் அலமாரி

மேஜை மேல் மானிட்டர் இருந்தது. பொட்டி வைக்கும் இடத்தைக் காணோம். டீச்சர் பக்கத்திலிருந்த மர அலமாரியைத் திறந்தார். வெந்நீர் அண்டா மூடியைத் திறந்தது மாதிரி முகத்தில் சூடு அடித்தது. உள்ளே பட்டுப்புடவை, சர்டிபிகேட் பைல், அந்துருண்டை. நடுவில் ஒரு குண்டு பல்பு, ராத்திரி பகல் எரிகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம், மழை மாதங்களில் பல்பு எரியாத அலமாரியில் துணியெல்லாம் பூஞ்சை. அந்தப் பல்புக்கு நேர் கீழே ஒரு தட்டு காலியாக இருந்தது. பின்பக்கம் ஒயர் போக ஓட்டை வேறு, ஆசாரியை வைத்துப் போட்டது.

“வைம்மா. வச்சுட்டுக் கதவைச் சாத்திடு, ஈரம் போயிடும்.”

நான் பொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வைத்துவிட்டுப் போனால் பத்து நாளில் திரும்பி வரும், வந்தால் எனக்கு ஸ்க்ரூடிரைவர் இல்லை.

“கை வலிக்கலையா? வையேம்மா.”

“வைக்க மாட்டேன் டீச்சர்!”

அது என் குரலா என்று நானே திரும்பிப் பார்த்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. “புடவை தானா சூடாகாது, அதுக்கு பல்பு வேணும். இது தானே சூடாகுற சாமான், இதுக்குக் காத்து வேணும். அடுப்பைத் தூக்கி அடுப்புக்குள்ள வச்சுக் கதவையும் சாத்துறீங்களே! தூசி ஊதினேன், பேஸ்ட் போட்டேன், ஃபேன் போட்டேன், என்மேல தப்பே இல்ல டீச்சர். மேஜை மேல வைங்க. ஓடிக்கிட்டே இருந்தா ஈரம் அண்டாது. ஓட்டாத நாள்ல வேணும்னா ஒரு துணி மூடுங்க. பல்பு மட்டும் வேணாம்!”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுதுவிடுவேன் போல இருந்தது. அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“அடிப்பாவி, உனக்குப் பேச வருமா! ஊமைப் பொண்ணு, பாவம்னுதானே மூணு தடவையும் சண்டை போடாம கொண்டுவந்து குடுத்தேன்!”

நாலு மாதம் ஆச்சு

அந்தப் பொட்டி இன்று வரை திரும்பி வரவில்லை. மூன்று மாதக் கெடு முடிந்த அன்று காக்கா தடுப்புத் துணியைக் கழற்றி மடித்தார். கணக்கு முடிந்தது என்று நினைத்து நான் கைப்பையை எடுத்தேன். அவர் கடை போனை என் முன்னால் வைத்தார்.

“எங்க கிளம்புற? மரைன் ஹில்லுலேர்ந்து நாலு பேர் கூப்பிட்டாங்க, நாலு வீட்டுலயும் பல்பு அலமாரிக்குள்ளதான் பொட்டியாம், டீச்சர்ட்ட கத்துன மாதிரியே அவங்கட்டயும் கத்தணுமாம்.”

பேசாத பொட்டியோடு பொழுது போகும் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தவள், இப்போது அதைத் தவிர மற்ற எல்லாரோடும் பேசிக்கொண்டிருக்கிறேன்.