அப்பா வந்த கப்பல்

எங்கள் அப்பா கப்பலில் வந்தவர். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் என்னோடு படித்த தமிழ்ப் பிள்ளைகளின் அப்பாமார் எல்லாம் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். என் அப்பா மட்டும் கப்பல். இதை வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பெருப்பித்து, கடைசியில் அவரை ஒரு கப்பலோட்டியாகவே ஆக்கி வைத்திருந்தேன். "எப்படிப்பட்ட கப்பல் அப்பா?" என்று கேட்டால், "பெரிய கப்பல் குஞ்சு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கப்பலோட்டிகள் அடக்கமானவர்கள் போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே அந்தக் கோடை விடுமுறைக்குச் சுவீடனுக்குக் கப்பலில் போகப்போகிறோம் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பாவோடு வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர் தன் வோன்வாகனை, அதாவது காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீட்டை, எங்களுக்கு இரவல் தந்திருந்தார். அம்மா தன் குசினி முழுவதையும் அதற்குள் ஏற்றிவிட்டார், இடியப்ப உரல் உட்பட. புறப்படும் காலையில் அப்பா நடுத்தெருவில் தேங்காய் உடைத்து, வாகனச் சில்லு ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தேசிக்காய் வைத்தார். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். காரும் வீடும் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு நகர்ந்தபோது என் மானம் கப்பலேறியது. பின்னேரம் நாங்களும் ஏறினோம்.

கப்பலின் அடித்தட்டில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. மேல்தட்டுக்கு ஓடிப்போய்க் கரை விலகுவதைப் பார்க்கவேண்டும், அதுவும் அப்பா பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லச் சொல்லப் பார்க்கவேண்டும். வாரக்கணக்காக நான் கண்ட கனவு அது. அப்பாவோ காரைவிட்டு இறங்கிய இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இப்ப சங்கிலிச் சத்தம் கேக்கும்," என்றார். கேட்டது.

"இனிக் கதவு மூடுவாங்கள்." எங்கோ ஒரு இரும்புக் கதவு அதிர்ந்து மூடியது.

"இனி நிலம் நடுங்கும்." நடுங்கியது! எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தீர்களா என் அப்பாவை!

பிறகு செய்ததுதான் விசித்திரம். எங்கள் வோன்வாகனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய லொறி நின்றது. அதில் காதை வைத்து, விரலால் மெல்லத் தட்டினார். தமிழில் கேட்டார்: "தம்பியவை, உள்ளுக்கு ஆரும் இருக்கிறியளோ?"

லொறிக்குத் தமிழ் தெரியவில்லை. அப்பா விடவில்லை. அம்மா கட்டியிருந்த சாப்பாட்டுப் பொதிகளில் ஒன்றை எடுத்து, லொறியை மூடியிருந்த படங்கின் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் எல்லோரையும் மேலே போகச்சொல்லிக் கத்திக்கொண்டு வந்தான்.

"அப்பா, வாங்கோ! கப்பல் வெளிக்கிட்டிட்டுது!" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவரை விடு பிள்ளை. வருவார்," என்றார் அம்மா. வேறு நாளென்றால் அப்பாவைப் பிய்த்து எறிந்திருப்பார்.

நாங்கள் மேலே ஏறியபோது கரை எப்போதோ விலகிவிட்டிருந்தது. அது போகட்டும். பெரிய ஏமாற்றம் அப்பாதான். கப்பலோட்டிக்குப் படிக்கட்டு எங்கே என்று தெரியவில்லை. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆவென்று பார்த்தார். "அட, உவ்வளவு பெரிசோ இந்தக் கடல்!" என்றார்.

"நீங்கள் கப்பலில வரேல்லை! பொய் சொன்னனீங்கள்!" என்று கத்தினேன்.

அப்பா என்னைத் தூக்கிக் கம்பிக்கு மேலால் காட்டினார். "வந்தனான் குஞ்சு. கடலைத்தான் காணேல்லை."

கப்பலில் வந்தாராம், கடலைக் காணவில்லையாம்! யாருக்குக் காது குத்துகிறார்? வகுப்பில் இனி எந்த முகத்தோடு போய் நிற்பேன்? கோபத்தில் கடலையே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதே கடலை, அதே மாதிரி ஒரு அடித்தட்டில், லொறிக்குள் அடுக்கிய பலகைகளுக்கு இடையில் ஒளிந்து கிடந்து கடந்தவர் அவர். இருமக்கூடாது, அசையக்கூடாது, மூச்சுச் சத்தம்கூட வெளியே வரக்கூடாது. நான் வளர்ந்து பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். காதால் மட்டுமே கப்பலைத் தெரிந்துகொண்ட மனிதரை, கண்ணால் பார்த்ததைச் சொல் என்று அத்தனை நாளும் நச்சரித்திருக்கிறேன்.

சுவீடன் கரை வந்ததும் எல்லோரும் கீழே போனோம். அப்பா காருக்குப் போகவில்லை. நேரே லொறியிடம் போய், படங்குக்குள் கையை விட்டுத் துழாவினார். பொதி வைத்தபடியே இருந்தது.

"ஒருத்தரும் இல்லையப்பா," என்றார் அம்மாவிடம். அம்மா நெஞ்சில் கைவைத்து, "அப்பனே முருகா," என்றார். இருவர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. தாங்கள் கொடுத்த சாப்பாட்டை யாரும் தொடவில்லை என்று இப்படிச் சந்தோஷப்படுகிற ஆட்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பொதி என் மடிக்கு வந்தது. பசி கோபத்தைவிடப் பெரிது. பிரித்துச் சாப்பிடத் தொடங்கினேன். கார் மெல்ல வெளிச்சத்துக்குள் இறங்கியது. அப்பா கையை நீட்டி என் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"காத்துப்பட இருந்து சாப்பிடு குஞ்சு."

பொய் சொல்கிறவருடைய பேச்சை நான் ஏன் கேட்கவேண்டும்? ஜன்னலை இறுக்க மூடிவிட்டுச் சாப்பிட்டேன்.